13 டாலர் சம்பளத்தில் ஒரு கல்லூரி

அமெரிக்க உள்நாட்டுப் போர் ஓய்ந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. 1866 ஜனவரியில், டெக்சாஸின் மெக்சிகோ எல்லையோரம் இருந்த ஃபோர்ட் மெக்கின்டாஷ் என்ற முகாமில் 62ஆம் கறுப்பினக் காலாட்படை ஊர் திரும்பக் காத்திருந்தது. படையினரில் பெரும்பாலோர் மிசூரி மாநிலத்துக்காரர்கள். போருக்கு முன்புவரை யாரோ ஒருவருடைய கணக்குப் புத்தகத்தில் மாடு, குதிரை, ஏர் ஆகியவற்றோடு சேர்த்து எழுதப்பட்டிருந்தவர்கள். கையில் சொற்பப் பணம், எதிரே எந்த உத்தரவாதமும் இல்லாத ஒரு விடுதலை. நிலம் வாங்க வேண்டும், சிதறிப்போன மனைவி மக்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், குளிருக்கு ஒரு கூரை வேண்டும். அந்த நிலையில் அவர்கள் தங்களுக்குள் பணம் திரட்டினார்கள், மிசூரியில் ஒரு பள்ளி தொடங்குவதற்காக.

62ஆம் படை கொடுத்தது சுமார் 5,000 டாலர். இன்னொரு கறுப்பினப் படையான 65ஆம் படை அதோடு 1,300 டாலருக்கு மேல் சேர்த்தது. ஒரு சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் அப்போது 13 டாலர். அந்தச் சம்பளக்காரர்களில் ஒருவர் 100 டாலர் கொடுத்ததாகப் பதிவு இருக்கிறது. எட்டு மாதத்துக்கு நெருக்கமான உழைப்பு அது. அந்தப் பணத்தில் பிறந்ததுதான் இன்று ஜெபர்சன் சிட்டியில் இருக்கும் லிங்கன் பல்கலைக்கழகம்.

அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கென்று எழுந்த கல்லூரிகளைப் பற்றிப் பேசும்போது வழக்கமாக வேறொரு வரிசையில் தொடங்குவார்கள். பிலடெல்பியாவில் ரிச்சர்ட் ஹம்ஃப்ரீஸ் என்ற குவேக்கர் விட்டுச் சென்ற 10,000 டாலரில் 1837இல் தொடங்கிய செய்னி. 1854இல் பென்சில்வேனியாவில் எழுந்த இன்னொரு லிங்கன். 1856இல் ஒஹாயோவின் வில்பர்ஃபோர்ஸ். போருக்குப் பிறகு மிஷன்கள் திறந்த ஃபிஸ்க், அட்லாண்டா, மோர்ஹவுஸ். கொடையாளர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போகும் வரலாறு அது. பொய்யில்லை. வடக்கிலிருந்து வந்த ஆசிரியைகள் பலர் தெற்கின் வெறுப்புக்கு நடுவே உயிரைப் பணயம் வைத்துப் பாடம் சொன்னார்கள். ஆனால் இந்தக் கல்லூரிகள் ஏன் தோன்றின என்ற கேள்விக்கு விடை தேடினால், நான் அந்தச் சிப்பாய்களிடம்தான் முதலில் போவேன். கொடுத்தவர்கள் எதை நினைத்துக் கொடுத்தார்கள் என்பது ஒரு கதை. வாங்கியவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பது வேறொரு கதை. இந்தக் கல்லூரிகளின் நூற்றைம்பது ஆண்டுகளும் இந்த இரண்டு கதைகளுக்கும் இடையிலான இழுபறிதான்.

மிசூரி சட்டமன்றம் 1847இல் ஒரு சட்டம் இயற்றியது. கறுப்பினத்தவருக்கு எழுதவோ வாசிக்கவோ கற்றுத்தரும் பள்ளி எதையும் அந்த மாநிலத்தில் யாரும் நடத்தக் கூடாது. தெற்குக் கரோலினாவில் அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதை 1740லேயே தடை செய்திருந்தார்கள். 1831இல் வர்ஜீனியாவும் அந்த வழியில் சென்றது. இந்தச் சட்டங்களுக்குப் பின்னால் இருந்த பயம் மிகத் தெளிவான ஒன்று. தோட்டத்தை விட்டு வெளியே போகும் அடிமையிடம் எசமானர் எழுதிய அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும். எழுதத் தெரிந்தவன் தன் சீட்டைத் தானே எழுதிக்கொள்வான். பக்கத்துத் தோட்டத்துக்காரனுக்கும் ஒன்று எழுதிக் கொடுப்பான். எழுத்து என்பது அங்கே ஒரு திறவுகோல். அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பூட்டுக்குப் பொருள்.

மிசூரியிலிருந்து வந்தவர்கள் படை முகாமில் எழுத்து படித்தார்கள். அவர்களுடைய தளபதிகளில் ஒருவரான டேவிட் பிரான்சன் இதில் பிடிவாதக்காரர். சீட்டாடிப் பிடிபட்டவர் எல்லாரும் பார்க்கும் இடத்தில் புத்தகத்தோடு நின்று பாடம் படிக்க வேண்டும் என்று 1864இல் உத்தரவிட்டார். நன்றாக எழுதக் கற்கும் சார்ஜெண்டுக்குத் தங்கப் பேனா பரிசு என்று அறிவித்தார். படை கலையும் நேரத்தில் 431 பேரில் 284 பேருக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது. 99 பேர் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் கற்றிருந்தார்கள். சதுப்பு நிலத்திலும் மணல் திட்டிலும் காய்ச்சலோடும் வயிற்றுப்போக்கோடும் மல்லாடிக்கொண்டு, ஓய்வு நேரத்தில் படித்தது இது. ருசி கண்டவர்கள் அதோடு விடவில்லை. படிப்பு முகாமோடு முடிந்துவிடக் கூடாது, பின்னால் வருபவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று நினைத்தார்கள்.

அவர்கள் போட்ட நிபந்தனைகள் மூன்று. பள்ளி மிசூரியில் இருக்க வேண்டும். விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் நன்மைக்காக இருக்க வேண்டும். படிப்பும் உழைப்பும் அங்கே சேர்ந்தே நடக்க வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அரை நூற்றாண்டு நடந்த பெரிய சண்டை இதைச் சுற்றித்தான்.

படையில் லெஃப்டினன்ட்டாக இருந்த வெள்ளையர் ரிச்சர்ட் பாக்ஸ்டர் ஃபாஸ்டரைப் பள்ளிக்குப் பொறுப்பாக்கினார்கள். அவர் ஜெபர்சன் சிட்டிக்கு வந்து இடம் தேடி அலைந்தார். கடைசியில் கிடைத்தது குன்றின் மேல் இருந்த ஒரு பாழடைந்த பள்ளிக் கட்டடம். 1866 செப்டம்பர் 17 அன்று கொட்டும் மழையில் பள்ளி திறந்தது. முதல் நாள் வந்தவர்கள் இரண்டு மாணவர்கள்.

இடம் கிடைக்காமல் அலைந்த கதை தெற்கு முழுக்க உண்டு. வர்ஜீனியாவின் ரிச்மண்டில் ராபர்ட் லம்ப்கின் என்ற அடிமை வணிகரின் சிறை இருந்தது. விற்கப்பட வேண்டியவர்களை அடைத்து வைத்ததும், தப்பி ஓடிப் பிடிபட்டவர்களைச் சவுக்கால் அடித்ததும் அங்கேதான். பிசாசின் அரை ஏக்கர் என்று அதற்குப் பெயர். லம்ப்கினுக்கு அடிமையாக இருந்து அவருடைய பிள்ளைகளைப் பெற்றவர் மேரி. போர் முடிந்த மறு வருடம் லம்ப்கின் இறந்தபோது அந்தச் சொத்து மேரியிடம் வந்தது. 1867இல் நதானியேல் கோல்வர் என்ற பாப்டிஸ்ட் போதகர் விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு பள்ளி தொடங்க இடம் கேட்டு ஊரெல்லாம் திரிந்தார், யாரும் கொடுக்கவில்லை. மேரி லம்ப்கின் அந்தச் சிறையை வாடகைக்குக் கொடுத்தார். ஜன்னல் கம்பிகளைப் பெயர்த்துவிட்டு உள்ளே பாடம் தொடங்கியது. இன்றைய வர்ஜீனியா யூனியன் பல்கலைக்கழகத்தின் வேர் அது. மேரியைப் பற்றி எழுதப்பட்டிருப்பது கொஞ்சம்தான். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவியவர்கள் யார் என்று பட்டியல் போட்டால் அவருடைய பெயர் முதல் வரியில் இருக்க வேண்டும் என்பேன்.

அலபாமாவின் டலடேகா கல்லூரியில் ஸ்வேன் ஹால் என்ற கட்டடம் இருக்கிறது. 1850களில் வெள்ளையர் வீட்டுப் பையன்களுக்கான பள்ளியாக அது எழுந்தபோது வேலை செய்தவர்களில் அடிமைகள் இருந்தார்கள். ஆம்ப்ரோஸ் ஹெடன் என்ற தச்சர் அவர்களில் ஒருவர். எசமானரின் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டுகிறோமே, நம் பிள்ளைகளுக்கு ஒரு நாளும் இது கிடைக்காதே என்று மரம் இழைக்கும்போதெல்லாம் மனம் புழுங்கியதாக அவர் பின்னாளில் சொன்னார். 1867இல் அதே கட்டடம் விடுதலை பெற்றவர்களின் பள்ளியானது. ஹெடனின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்க 1838இல் இயேசு சபையினர் 272 மனிதர்களை விற்றார்கள். அந்த நாட்டில் ஒரு பக்கம் மனிதரை விற்றுக் கல்லூரி பிழைத்திருக்கிறது. இன்னொரு பக்கம் விற்கப்பட்ட மனிதர்கள் கல்லூரி கட்டியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைத்து உயர்கல்வி வரலாறு என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

தொடக்க காலத்தில் இந்த இடங்களைக் கல்லூரி என்று சொல்வது ஓர் ஆசையைச் சொல்வதுதான். அகர வரிசை படிக்கும் அறுபது வயதுக்காரரும் ஆறு வயதுப் பேத்தியும் ஒரே பெஞ்சில் இருந்த காலம். முதல் தேவை ஆசிரியர்கள். நாற்பது லட்சம் பேர் ஒரே நேரத்தில் விடுதலையாகியிருந்தார்கள். அவர்களுக்குக் கற்பிக்க யார் இருக்கிறார்கள்? ஒரு கோடை வரை படித்த பெண் அடுத்த கோடையில் கிராமத்துக்குப் போய்ப் பள்ளி வைத்தாள். ஃபிஸ்கில் படித்துக்கொண்டிருந்த டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் அப்படித்தான் டென்னசியின் மலைக் கிராமங்களில் கோடைப் பள்ளி நடத்தினார். ஆசிரியரை உருவாக்கும் ஆசிரியர் பள்ளி, அதற்கு மேல் கல்லூரி என்று ஒவ்வொரு படியாக எழும்பியது.

இங்கேதான் கொடையாளர்களின் கேள்வி எழுந்தது. எதுவரை எழும்பலாம்? வர்ஜீனியாவின் ஹாம்ப்டனில் 1868இல் பள்ளி தொடங்கிய ஜெனரல் சாமுவேல் ஆர்ம்ஸ்ட்ராங் இதற்கு ஒரு விடை வைத்திருந்தார். கைத்தொழில், ஒழுக்கம், சுத்தம், பொறுமை. அரசியல் பிறகு பார்க்கலாம். வடக்கின் செல்வந்தர்களுக்கு இந்த விடை மிகவும் பிடித்தது. 1882இல் தோன்றிய ஸ்லேட்டர் நிதி கைத்தொழில் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகளுக்கே முன்னுரிமை கொடுத்தது. கூலிக்கு ஆள் வேண்டும், கேள்வி கேட்கும் ஆள் வேண்டாம் என்று தெற்கும் வடக்கும் கைகுலுக்கிக்கொண்ட காலம் அது.

ஹாம்ப்டனின் மாணவர் புக்கர் டி. வாஷிங்டன் 1881இல் அலபாமாவின் டஸ்கீகியில் பள்ளி தொடங்கினார். மாநிலம் கொடுத்தது ஆசிரியர் சம்பளத்துக்கு ஆண்டுக்கு 2,000 டாலர். நிலமும் கட்டடமும் இல்லை. மாணவர்களே செங்கல் அறுத்தார்கள். மூன்று சூளைகள் வீணாயின. தன் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து வாஷிங்டன் நான்காவது சூளை போட்டார். அதில்தான் கல் வெந்தது. 1895இல் அட்லாண்டாவில் அவர் பேசிய பேச்சில் சமூக சமத்துவத்துக்காகக் கிளர்ச்சி செய்வது அறிவீனம் என்றார்; வெள்ளை அமெரிக்கா எழுந்து நின்று கைதட்டியது. 1903இல் டு பாய்ஸ் தன் புத்தகத்தில் அதை வெளிப்படையாக மறுத்தார். வாக்குரிமையையும் உயர்கல்வியையும் விட்டுக்கொடுத்து வாங்கும் செங்கல் எத்தனை நாள் நிற்கும் என்பது அவருடைய வாதம்.

இந்த விவாதத்தை இரண்டு மேதைகளின் மல்யுத்தமாகச் சொல்வது வழக்கம். எனக்கு மிசூரிச் சிப்பாய்களின் மூன்றாவது நிபந்தனை நினைவுக்கு வருகிறது. உழைப்பை அவர்கள் இழிவாக நினைக்கவில்லை. படிப்போடு அதுவும் இருக்கட்டும் என்றார்கள். நிதி வைத்திருந்தவர்கள் கேட்டது படிப்புக்குப் பதிலாக உழைப்பு. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பாடத்திட்டம் போலத் தெரியும். ஆனால் ஒன்றை முடிவு செய்தவர்கள் அந்தப் பிள்ளைகளின் தகப்பன்மார். மற்றதை முடிவு செய்தவர்கள் அந்தப் பிள்ளைகளைக் கூலிக்கு வைத்துக்கொள்ளப் போகிறவர்கள். வாஷிங்டனை நான் குறைத்துப் பேச மாட்டேன். கொலைவெறி கொண்ட ஒரு மாநிலத்தின் நடுவில், வெள்ளையர் கையெழுத்து இல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்க முடியாத இடத்தில், அவர் ஒரு நகரத்தையே கட்டினார். ஆனாலும் டு பாய்ஸ் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. எதுவரை படிக்கலாம் என்பதை அடுத்தவர் தீர்மானிக்கும்வரை அது விடுதலை ஆகாது.

மாணவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஃபிஸ்கின் வெள்ளைத் தலைவர் ஃபேயட் மெக்கென்சி நிதி திரட்டுவதற்காக மாணவர்களின் பத்திரிகையை நிறுத்தினார், உடையிலிருந்து பேச்சுவரை கட்டுப்பாடு போட்டார். 1925இல் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். மெக்கென்சி பதவி விலக நேர்ந்தது. அதற்கடுத்த ஆண்டு வாஷிங்டன் நகரத்தின் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு முதல் கறுப்பினத் தலைவராக மோர்டெகாய் ஜான்சன் வந்தார். நம்மவர்கள் ஹோவர்டின் பெயரைப் பெரும்பாலும் கமலா ஹாரிஸ் வழியாகக் கேட்டிருப்பார்கள். சென்னையில் பிறந்த ஷியாமளா கோபாலனின் மகள் அங்கே 1986இல் பட்டம் பெற்றவர். அந்த ஹோவர்டின் சட்டக் கல்லூரி 1920களில் மாலை நேர வகுப்புகளாக நடந்துகொண்டிருந்தது. 1929இல் அதன் பொறுப்பு சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டனிடம் வந்தது.

ஹூஸ்டன் முதல் உலகப் போரில் பிரான்ஸில் ராணுவ அதிகாரியாக இருந்தவர். எதிரியைவிடத் தன் சொந்த நாட்டு வெள்ளை வீரர்களிடம் பட்ட அவமானம் அதிகம். உயிரோடு திரும்பினால் சட்டம் படித்து, திருப்பி அடிக்க முடியாதவர்களுக்காகப் போராடுவேன் என்று முடிவெடுத்துத் திரும்பினார், ஹார்வர்டில் படித்தார். ஹோவர்டின் மாலை வகுப்பை மூடிவிட்டு முழுநேரக் கல்லூரியாக்கினார். சமூகத்தைச் செதுக்கத் தெரியாத வழக்கறிஞர் சமூகத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணி என்று மாணவர்களிடம் சொன்னார். பாதிப் பேர் தாங்க முடியாமல் ஓடிப்போனார்கள். தாக்குப்பிடித்தவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். பால்டிமோரில் வீடு, ஊரிலேயே இருந்த மேரிலாந்து சட்டக் கல்லூரி கறுப்பினத்தவரைச் சேர்க்காது. தினமும் ரயிலில் வாஷிங்டன் போய் வந்தார். மகனின் கட்டணத்துக்காக அம்மா கல்யாண மோதிரத்தை அடகு வைத்தார். 1933இல் பட்டம் வாங்கினார். 1936இல் அதே மேரிலாந்து சட்டக் கல்லூரியின் கதவை ஹூஸ்டனோடு சேர்ந்து நீதிமன்றத்தில் திறந்துவிட்டார்.

மிசூரிச் சிப்பாய்களின் கல்லூரி மறுபடி கதைக்குள் வருவது இந்த இடத்தில். லாயிட் கெய்ன்ஸ் 1935இல் லிங்கனில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவர். வகுப்புத் தலைவர். மிசூரி பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். அலுவலகம் விவரங்களை அனுப்பி வைத்தது. மதிப்பெண் பட்டியல் லிங்கனிலிருந்து வந்தபோதுதான் விண்ணப்பதாரரின் நிறம் அவர்களுக்குத் தெரிந்தது. வேறு மாநிலத்தில் போய்ப் படியுங்கள், அரசு பணம் தரும் என்றார்கள். ஹூஸ்டன் வழக்கை உச்ச நீதிமன்றம்வரை கொண்டு போனார். அவர் வாதிடும்போது மெக்ரெனால்ட்ஸ் என்ற நீதிபதி நாற்காலியைத் திருப்பி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார் என்று சொல்வார்கள். 1938 டிசம்பர் 12 அன்று தீர்ப்பு வந்தது. வெள்ளையருக்கு ஒரு படிப்பை மாநிலத்துக்குள் கொடுத்தால் கறுப்பினத்தவருக்கும் மாநிலத்துக்குள்ளேயே கொடுக்க வேண்டும்.

மிசூரி என்ன செய்தது? கெய்ன்ஸுக்குக் கதவைத் திறப்பதற்குப் பதில், லிங்கனின் பெயரில் செயின்ட் லூயிஸில் அவசரமாக ஒரு சட்டப் பள்ளி தொடங்கியது. 1939 செப்டம்பரில் அது திறந்தபோது வாசலில் கறுப்பின மக்களே மறியல் செய்தார்கள். தங்கள் முன்னோர் சம்பளத்தைக் கொடுத்துக் கட்டிய கல்லூரியின் பெயரைத் தங்களை ஒதுக்கி வைக்கும் வேலிக்குப் பயன்படுத்துவதைக் கண்டு அவர்கள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது. கெய்ன்ஸ் அந்த மறியலைப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு மார்ச் 19 இரவு சிகாகோவில் தபால் தலை வாங்கி வருகிறேன் என்று கிளம்பியவர் திரும்பவில்லை. அவருக்கு என்ன ஆனது என்பது இன்றுவரை வெளியாகவில்லை. 28 வயது.

அவருடைய வழக்கு மறையவில்லை. அதன் மேல் அடுத்தடுத்து வழக்குகள் கட்டப்பட்டன. 1954இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வந்தபோது வாதாடியவர் மார்ஷல். ஹூஸ்டன் நான்காண்டுகளுக்கு முன்பே இறந்திருந்தார். இத்தனைக்கும் கறுப்பினத்தவர் கல்லூரிகளில் பலவற்றை மாநிலங்கள் தொடங்கியதன் நோக்கம் பிரிவினையைக் காப்பாற்றுவது. 1890இல் காங்கிரஸ் இயற்றிய இரண்டாம் மோரில் சட்டம், கறுப்பினத்தவரைச் சேர்க்காத மாநிலம் ஒன்றிய அரசின் நில மானியக் கல்வி நிதியைப் பெற அவர்களுக்கென்று தனிக் கல்லூரி வைத்தால் போதும் என்றது. 19 கல்லூரிகள் அந்த வழியில் வந்தவை. அதில் ஒன்றான வடக்குக் கரோலினா வேளாண் தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்துதான் நான்கு மாணவர்கள் 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோவின் வுல்வொர்த் கடைக்குப் போய், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். அடுத்த வருடம் மிசிசிப்பியின் டூகலூ கல்லூரியிலிருந்து ஒன்பது மாணவர்கள் ஜாக்சன் நகரின் வெள்ளையர் நூலகத்துக்குள் போய்ப் புத்தகம் எடுத்து மேசையில் அமர்ந்து வாசித்தார்கள். அதற்காகக் கைதானார்கள். வாசித்ததற்குச் சிறை. மிசூரியின் 1847 சட்டம் போன்றவை புத்தகத்திலிருந்து போயிருந்தன, ஊரிலிருந்து போகவில்லை.

வேலி போட்டவர்களுக்குத் தெரியாமல் உள்ளே வேறொன்று வளர்ந்திருந்தது. ஹோவர்டின் ஆசிரியர் ஹோவர்ட் தர்மன் 1935 அக்டோபரில் கொழும்பில் வந்திறங்கி, இலங்கை, பர்மா, இந்தியா என்று மாதக்கணக்கில் கல்லூரிகளில் பேசினார். 1936இல் பர்தோலியில் காந்தியைச் சந்தித்தார். அடிமைப்படுத்தியவர்களின் மதத்தை நீங்கள் ஏன் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கொழும்பில் ஒருவர் கேட்ட கேள்வி அவரை வாழ்நாள் முழுக்கத் துரத்தியது. அடுத்த குளிர்காலத்தில் பெஞ்சமின் மேஸ் வந்து காந்தியைப் பார்த்தார். அந்த மேஸ் பின்னாளில் மோர்ஹவுஸ் கல்லூரியின் தலைவரானார். அங்கே 15 வயதில் வந்து சேர்ந்த ஒரு மாணவர் மார்ட்டின் லூதர் கிங். எந்தக் கொடையாளரின் திட்டத்திலும் இது இல்லை.

பிரிவினை சட்டத்திலிருந்து போன பிறகு இந்தக் கல்லூரிகள் எதற்கு என்று கேட்கிறார்கள். நிறத்தின் பெயரால் ஒரு கல்லூரி இருக்கலாமா என்று நல்ல எண்ணத்தோடும் சிலர் கேட்கிறார்கள். கதவை மூடியவை இந்தக் கல்லூரிகள் அல்ல. ஹோவர்டில் முதன்முதலாக வந்து படித்தவர்களே நிர்வாகிகளின் வெள்ளைக்காரப் பெண்பிள்ளைகள்தான். 1930களில் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதப் பேராசிரியர்களைப் பெரிய பல்கலைக்கழகங்கள் வாசலில் நிறுத்தியபோது டூகலூவும் ஹாம்ப்டனும் அவர்களுக்கு வேலை கொடுத்தன. மேற்கு வர்ஜீனியாவின் புளூஃபீல்டில் இன்று பெரும்பாலான மாணவர்கள் வெள்ளையர். லிங்கனின் வகுப்பறைகளிலும் 1954க்குப் பிறகு சுற்றுவட்டார வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைகள் ஏராளமாக வந்து படித்தார்கள். கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும் என்று நினைக்கிறேன். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளையை, பள்ளியில் சரியாகச் சொல்லித்தரப்படாத பிள்ளையை, பணம் இல்லாத பிள்ளையை, நீ இங்கே இருக்க வேண்டியவன் என்று சொல்லி உட்கார வைக்கும் இடங்கள் எத்தனை இருக்கின்றன? அந்த வேலையை இவை தொடக்கத்திலிருந்து செய்கின்றன. எந்தக் கல்லூரி அதைச் செய்தாலும் நல்லதுதான். இவை அதைச் செய்தது காலி கஜானாவை வைத்துக்கொண்டு.

கஜானா காலியானதற்குக் காரணம் உண்டு. ஒன்றிய அரசு தரும் நில மானியக் கல்வி நிதிக்கு மாநிலமும் ஈடு கொடுக்க வேண்டும். வெள்ளையர் கல்லூரிக்கு முழுதாகக் கொடுத்த மாநிலங்கள் கறுப்பினத்தவர் கல்லூரிக்குக் குறைத்தே கொடுத்துவந்தன. 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் கல்வி அமைச்சரும் வேளாண் அமைச்சரும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். சுமார் முப்பது ஆண்டுகளில் இந்தக் கல்லூரிகளுக்குச் சேர வேண்டியதில் 1,200 கோடி டாலருக்கும் மேல் போய்ச்சேரவில்லை என்பது அவர்களுடைய கணக்கு. மிசூரியும் அந்தப் பட்டியலில் இருந்தது. லிங்கனுக்கு வராமல் போனது 36 கோடி டாலருக்கும் அதிகம். சில மாநிலங்கள் அந்தக் கணக்கையே ஏற்க மறுத்தன. சிப்பாய்கள் தங்கள் பங்கை 1866லேயே ரொக்கமாகக் கொடுத்துவிட்டார்கள். மிசூரி அரசு தன் பங்கைக் கொடுக்க வேண்டும்.